பெயரை விட்டுவிட்டு ஃபோர்டு எஞ்சினுக்கு வேகம் கொடுத்த செவர்லே

பாலோ – பழைய புரோட்டோன் சாகா காரின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, வால்வு வாயில்களை அராவி, கேம் ஷாப்ட்டை மாற்றி, புகைக்குழாயைப் பெரிதாக்கி ஓட்டிப் பார்ப்பது பாலோ, குளுவாங், யோங் பெங் வட்டார இளைஞர்களுக்குப் புதிய சங்கதி அல்ல. தொழிற்சாலை கொடுத்த எஞ்சின் போதாது, அதன் தலையை மாற்றினால் இன்னும் ஓடும் என்ற இந்த எண்ணத்துக்கு வயது நூற்றைத் தாண்டிவிட்டது. சாதாரண மக்களின் நான்கு சிலிண்டர் காருக்கு வேகம் கூட்டும் உதிரிபாகங்களை முதன்முதலில் வியாபாரமாகவே செய்து விற்ற சிலருள் ஒருவரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயர் ஒரு மனிதருடையது என்பது பலருக்குத் தெரியாது.

அவர் லூயி செவர்லே.

செவர்லே என்றால் கார். நம் சாலைகளிலும் ஓடும் கார். அந்தக் கார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லூயி இரண்டே ஆண்டுகளில் அங்கிருந்து வெளியேறினார். பெயர் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. அதன் பிறகு அவர் செய்த நல்ல வேலைகளில் ஒன்று, அந்த நிறுவனத்தின் பரம எதிரியான ஃபோர்டின் எஞ்சினுக்கு வேகம் ஏற்றியது.

கடிகாரக்காரர் மகன்

லூயி 1878 டிசம்பர் 25-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோன் நகரில் பிறந்தார். கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. தந்தையும் கடிகாரம் செய்பவர்தான். ஆனால் அந்தத் தொழில் குடும்பத்தைக் காப்பாற்றவில்லை. லூயி சிறுவனாக இருந்தபோதே குடும்பம் பிரான்சின் போன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த, வைனுக்குப் பெயர்பெற்ற ஊர்.

அங்கே ஒரு சைக்கிள் பட்டறையில் லூயி வேலைக்குச் சேர்ந்தார். பட்டறையில் கற்றது கைத்தொழில் என்றால், சைக்கிளில் கற்றது வேகம். உள்ளூர்ப் பந்தயங்களில் ஓட்டி, பரிசுப் பணத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தார். பிறகு பாரிஸ் சென்று டராக் கார் நிறுவனத்தில் எஞ்சின் வேலை பழகினார். 1900-இல் கப்பலேறிக் கனடாவின் மொன்ட்ரியலுக்கும், அங்கிருந்து நியூயார்க்கிற்கும் போனார். ஆங்கிலம் சரியாக வராது. தெரிந்ததெல்லாம் ஸ்பேனர் வேலை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் தம்பிகள் ஆர்தர், கஸ்தோன் இருவரையும் அமெரிக்காவுக்கு வரவழைத்துக்கொண்டார். ஒருவர் முதலில் கடல் கடந்து போய்க் காலூன்றி, பிறகு உடன்பிறப்புகளை இழுத்துக்கொள்வது நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்கும் தெரிந்த கதைதானே.

1905-இல் இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தார் அவரைப் பந்தய ஓட்டுநராக அமர்த்தினர். அந்த ஆண்டே நியூயார்க்கின் மோரிஸ் பார்க் பந்தயத்தில் வென்று பெயர் வாங்கினார். அமெரிக்காவின் பெரிய வேக வீரராகக் கொண்டாடப்பட்ட பார்னி ஓல்ட்ஃபீல்டை அவர் தோற்கடித்ததும் அக்காலத்தில்தான். அதே ஆண்டு ஜூலையில் சூசான் என்ற பெண்ணை மணந்தார்.

ஆள் ஆஜானுபாகு. பெரிய மீசை. கோபம் சட்டென வரும். ஸ்டீரிங்கைப் பிடித்தால் கார் உடையும் வரை ஓட்டுவார். இந்த ஓட்டத்தைப் பார்த்துதான் பியூக் நிறுவனத்தை நடத்தி வந்த வில்லியம் டூராண்ட் அவரைத் தம் பந்தயக் குழுவுக்கு எடுத்தார். 1908-இல் ஜெனரல் மோட்டார்ஸைத் தோற்றுவித்தவரும் இதே டூராண்ட்தான். 1909-இல் இண்டியானா மாநிலத்தில் நடந்த கோப் கோப்பைப் பந்தயத்தில் லூயி பியூக் ஓட்டி வென்றார்.

பெயர் எப்படிப் போனது

ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கிய டூராண்ட், கடன் சுமையால் 1910-இல் அதன் பிடியை இழந்தார். மீண்டும் எழுந்து நிற்க அவருக்குப் புதிய நிறுவனம் ஒன்று தேவைப்பட்டது. பந்தய மைதானங்களில் மக்கள் உரக்கக் கூவிய ஒரு பெயர் அவர் கைவசம் இருந்தது. 1911 நவம்பர் 3-ஆம் தேதி டிட்ராய்ட் நகரில் செவர்லே மோட்டார் கார் நிறுவனம் பிறந்தது.

லூயி வடிவமைத்த முதல் கார் 'கிளாசிக் சிக்ஸ்'. ஆறு சிலிண்டர், பெரிய உடல், நல்ல வேலைப்பாடு. விலை 2,150 டாலர். அதே காலத்தில் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் அதில் மூன்றில் ஒரு பங்கு விலைகூட இல்லை. டூராண்டுக்கு வேண்டியது மாடல் டி-யை மோதும் மலிவான கார். லூயிக்கு வேண்டியது தம் பெயருக்குத் தகுந்த கார். இருவரும் ஒத்துப்போக வழியே இல்லை. பெரிய முதலாளிக்கு அழகு சுருட்டுதான், மலிவான சிகரெட் அல்ல என்று டூராண்ட் சொல்லப்போக, பேச்சு முற்றியது என்றும் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, சிகரெட்டுக்காக மட்டும் யாரும் நிறுவனத்தை விட்டுப் போவதில்லை. 1913-இன் இறுதியில் லூயி வெளியேறினார். தம் பங்குகளையும் விற்றுவிட்டார்.

பெயரைத் திரும்பக் கேட்க முடியவில்லை. அது நிறுவனத்தின் சொத்து.

கொஞ்ச காலத்தில் டூராண்ட் நினைத்ததும் நடந்தது. '490' என்ற செவர்லே கார் வந்தது. எண்தான் விலை, 490 டாலர். நன்றாக விற்றது. அந்த லாபத்தை வைத்து டூராண்ட் ஜெனரல் மோட்டார்ஸின் பிடியை மீண்டும் கைப்பற்றினார். 1918-இல் செவர்லே அந்தப் பெரிய குழுமத்தின் ஒரு பகுதியானது. லூயி தம் பங்குகளை விற்காமல் வைத்திருந்தால் கோடீஸ்வரராகியிருப்பார் என்று அமெரிக்காவில் இன்றும் கணக்குப் போடுகிறார்கள். கணக்குப் போடுவது எளிது. அவர் குணத்தோடு அந்த அலுவலகத்தில் இன்னும் ஐந்து ஆண்டு உட்கார்ந்திருப்பது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

ஒரு டயர் கூட மாற்றாத தம்பி

சொந்தப் பெயரில் கார் செய்ய முடியாத லூயி, 'ஃபிரண்டனாக்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார். கனடாவில் பிரெஞ்சு ஆட்சி இருந்த காலத்து ஆளுநர் ஒருவரின் பெயர் அது. இந்தப் பெயரில் தம்பிகளோடு சேர்ந்து பந்தயக் கார்களைக் கட்டினார்.

அமெரிக்காவில் கார்ப் பந்தயம் என்றால் இண்டியானாபோலிஸ் 500. 500 மைல், அதாவது ஏறக்குறைய 805 கிலோமீட்டர் தூரத்தை ஒரே நாளில் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். 1913 முதல் அந்தப் பந்தயத்தில் பெஜோ, டெலாஜ், மெர்சிடிஸ் என்று ஐரோப்பியக் கார்களே வென்று வந்தன. 1920-இல் லூயியின் பட்டறையில் உருவான கார்கள் 'மன்ரோ', 'ஃபிரண்டனாக்' என்ற இரு பெயர்களில் களமிறங்கின. நான்கு சிலிண்டர் எஞ்சின். வடிவமைப்பில் லூயிக்குத் துணை நின்றவர் கார்னீலியஸ் வான் ரான்ஸ்ட் என்ற இளம் பொறியாளர்.

பந்தயம் நடக்க நடக்க லூயி கட்டிய கார்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஸ்டீரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் இரும்புக் கை பல கார்களில் முறிந்தது. லூயி தாமே ஓட்டிய காரும் தப்பவில்லை. தம்பி கஸ்தோன் ஓட்டிய மன்ரோ மட்டும் தாக்குப்பிடித்தது. முன்னணியில் போன ரால்ஃப் டிபால்மாவின் கார் இன்னும் சில சுற்றுகளே இருக்கும்போது கோளாறாகி நின்றது. கஸ்தோன் முந்தினார், வென்றார். 1912-க்குப் பிறகு அமெரிக்கக் கார் ஒன்று அங்கு வென்றது அதுவே முதல் முறை.

அந்த வெற்றியில் நம்மவர்கள் கவனிக்கத்தக்க ஒரு சங்கதி இருக்கிறது. 500 மைலையும் ஒரு டயர் கூட மாற்றாமல் ஓட்டி முடித்து இண்டியானாபோலிஸில் வென்ற முதல் ஆள் கஸ்தோன். அந்தக் காலத்து டயர்கள் பந்தயத்தின் நடுவே வெடிப்பதும், குழியில் நிறுத்தி மாற்றுவதும் சர்வ சாதாரணம். 1920-இல் உலக ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்துதான் போனது. அமெரிக்காவில் கார் பெருகியதால்தான் ஜொகூரில் காடழிந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1909-இல் ஜொகூரை ஊடறுத்து இரயில் பாதை முழுமை பெற்றது. பாலோ நிலையம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. 1910-இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது, கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களில் ஆள் திரட்டினர். விடியலுக்கு முன் எழுந்து பால் மரம் சீவிய அந்தக் கைகளுக்கு, பால் கடைசியில் எந்த ஊர்ச் சக்கரமாகச் சுழல்கிறது என்பது தெரியாது. அந்தச் சக்கரத்தில் ஓடியவர்களுக்கு இந்தக் கைகளைத் தெரியாது.

கஸ்தோனின் மகிழ்ச்சி ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. 1920 நவம்பர் 25-ஆம் தேதி கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் மரப்பலகையால் அமைக்கப்பட்ட ஓடுதளத்தில் அவர் கார் எட்டி ஓடானல் என்பவரின் காரோடு மோதியது. கஸ்தோன், ஓடானல் இருவருமே உயிரிழந்தனர். ஓடானலுடன் இருந்த மெக்கானிக்கும் தப்பவில்லை. கஸ்தோனுக்கு வயது 28. அந்த ஆண்டின் தேசிய வெற்றியாளர் பட்டம் இறந்த பிறகே அவருக்குச் சேர்ந்தது.

1921-இல் ஃபிரண்டனாக் கார் மறுபடியும் இண்டியானாபோலிஸில் வென்றது. ஓட்டியவர் டாமி மில்டன். எட்டு சிலிண்டர் எஞ்சின் அங்கு வென்றது அதுவே முதல் தடவை. ஆனால் லூயி அதன் பிறகு இண்டியானாபோலிஸில் பந்தயம் ஓட்டவில்லை. தம்பியை அழைத்து வந்தவரும் அவர்தான், காரைக் கட்டிக் கொடுத்து ஓட்டப் பழக்கியவரும் அவர்தான்.

பதினைந்து போல்ட்டுக்குள் அடங்கிய வித்தை

பந்தய வெற்றி சோறு போடாது. ஸ்டட்ஸ் நிறுவனத்தார் ஆதரவில் ஃபிரண்டனாக் பெயரில் சாலைக் கார் ஒன்றைக் கொண்டுவரப் போட்ட திட்டமும் பணம் போட்டவர் நொடித்துப்போனதால் கலைந்தது. அப்போதுதான் லூயியின் கண் ஃபோர்டு மாடல் டி மீது விழுந்தது. வான் ரான்ஸ்ட்டோடு சேர்ந்து அதற்கொரு புதிய சிலிண்டர் ஹெட்டை வடிவமைத்தார். இண்டியானாபோலிஸ் நகரில் செவர்லே சகோதரர்கள் உற்பத்தி நிறுவனம் அதை வார்த்து விற்றது. மக்கள் அதைச் செல்லமாக 'ஃபிரண்டி' என்றனர்.

அது என்ன செய்தது என்று புரிய, மாடல் டி எஞ்சினைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் உற்பத்தியாயின. மலாயா உள்ளிட்ட பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு ஃபோர்டு கார்களை அனுப்பும் உரிமை கனடாவிலிருந்த ஃபோர்டு நிறுவனத்திடம் இருந்தது. 1926-இல் சிங்கப்பூரில் ஃபோர்டு மலாயா நிறுவனமே தொடங்கப்பட்டது. நான்கு சிலிண்டர், 2.9 லிட்டர் கொள்ளளவு. இவ்வளவு பெரிய எஞ்சின் கொடுத்த சக்தி வெறும் 20 குதிரைத்திறன். பிற்காலத்து 1.3 லிட்டர் சாகாவின் சக்தி அதைவிட நான்கு மடங்குக்கும் மேல்.

ஏன் அவ்வளவு குறைவு? மாடல் டி எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே நின்றன. பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி கீழிருந்து மேலேறி, ஹெட்டில் முட்டி, பக்கவாட்டில் திரும்பி, அதன் பிறகே சிலிண்டருக்குள் இறங்கும். எரிந்த புகையும் அதே சுற்றுவழியில்தான் வெளியேற வேண்டும். மூக்கடைத்தவன் மூச்சு விடுவதைப் போன்ற நிலை. மெதுவாக ஓடும்போது தெரியாது. வேகம் எடுக்கும்போது மூச்சு முட்டும். வால்வுக்கென்று பக்கத்தில் ஓர் அறை தேவைப்பட்டதால் எரியும் இடமும் பரந்து கிடந்தது. ஆவியை இறுக்கி அழுத்த முடியவில்லை. நான்கு பங்கை ஒரு பங்காக அழுத்துவதோடு சரி.

ஃபோர்டு இதைத் தெரியாமல் செய்யவில்லை. அப்படிச் செய்தால் வார்ப்பது சுலபம், பழுது குறைவு, தரம் குறைந்த பெட்ரோலிலும் ஓடும். மண் சாலையில் மாடு மேய்க்கும் விவசாயிக்கு அது போதும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கும் தப்பில்லை.

மாடல் டி எஞ்சினில் ஹெட் தனியாகக் கழலும். பதினைந்து போல்ட்டைத் திருகினால் கையோடு வந்துவிடும். லூயிக்கு அது போதுமானதாக இருந்தது. பழைய ஹெட்டை எடுத்துவிட்டு ஃபிரண்டியை வைத்தால், வால்வுகள் பிஸ்டனுக்கு நேர் மேலே ஹெட்டிலேயே தொங்கும். கீழே பழைய கேம் ஷாப்ட் சுழல, அது தள்ளும் நீளக் கம்பிகள் மேலேறி, ராக்கர் கைகளை அசைத்து வால்வைத் திறக்கும். ஆவி சுற்றிப் போகாமல் நேரே இறங்கும். எரியும் இடம் சிறுத்ததால் அழுத்தமும் கூடும். பிளாக், சக்கரம், சட்டம் எதையும் மாற்றத் தேவையில்லை. அதே கார், புது மூச்சு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைமேல் வால்வு என்பது லூயியின் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. அவர் ஓட்டிய பியூக் கார்களில் அது இருந்தது. அவர் பெயரை வைத்துக்கொண்ட செவர்லே 490-இலும் அது இருந்தது. தம்மை இழந்த நிறுவனத்தின் மலிவுக் காருக்குக் கிடைத்ததை, அந்த நிறுவனத்தின் எதிரி வீட்டுக் காருக்கு அவர் கொடுத்தார் என்று சொல்லலாம். வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டால், சந்தை அங்கே இருந்தது என்பதே போதுமான பதில்.

ஃபிரண்டியில் பல வகைகள் வந்தன. பாரம் ஏற்றும் வண்டிக்கும் அன்றாட ஓட்டத்துக்கும் ஒரு வகை. வார இறுதியில் பந்தயம் ஓடுபவருக்கு இன்னும் அழுத்தம் கூடிய வகைகள். உச்சியில், இரண்டு கேம் ஷாப்ட்டுகளை ஹெட்டின் மேலேயே வைத்த ஒரு வகை. ஆனால் ஹெட்டை மட்டும் மாற்றினால் போதாது என்பதையும் வாங்கியவர்கள் சீக்கிரம் புரிந்துகொண்டனர். மாடல் டி எஞ்சினில் எண்ணெய்ப் பம்ப் கிடையாது. எண்ணெய் உள்ளே தெறித்து நனைப்பதோடு சரி. கிராங்க் ஷாப்ட் மெலிந்தது, மூன்றே பேரிங்குகளில் நின்றது. 20 குதிரைத்திறனுக்குச் செய்த எலும்புக்கு இரட்டிப்புச் சுமையை ஏற்றினால் அது முறியும். நம் பட்டறைகளில் டர்போ ஏற்றிய பிறகு கனெக்டிங் ராட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் கதை அன்றும் உண்டு.

இந்தத் தொழிலில் லூயி தனியாக இல்லை. கையும் மனமும் இருந்த வேறு பலரும் இறங்கினர். இண்டியானாவின் ஆண்டர்சன் நகரில் ராபர்ட் ரூஃப் ஃபிரண்டிக்கு முன்பே பதினாறு வால்வு ஹெட் விற்று வந்தார். விஸ்கான்சினில் ஜோ யாகர்ஸ்பர்கர், ஊரான ராசீனின் முதல் இரண்டெழுத்தையும் தம் பெயரான ஜோவையும் சேர்த்து 'ராஜோ' என்று பெயரிட்டு விற்றார். அவரும் பந்தய ஓட்டுநர், விபத்தில் ஒரு காலை இழந்தவர். கலிபோர்னியாவில் எட் வின்ஃபீல்டின் கார்புரேட்டரும் கேம் ஷாப்ட்டும் பெயர்பெற்றன. இவர்கள் எல்லாருக்கும் பிழைப்பு கொடுத்தது ஒரே கார்.

ஹென்றி ஃபோர்டு நடுவராக வந்த ஆண்டு

ஃபிரண்டி கிராமத்துத் திருவிழாத் திடல்களின் மண் ஓடுதளங்களில் பெயர் வாங்கியது. பெரிய பணக்காரர்களின் பந்தயக் கார் வாங்க முடியாத மெக்கானிக், தம் பழைய மாடல் டி-யின் உடலைக் கழற்றிவிட்டு, ஃபிரண்டியைப் பூட்டி ஞாயிற்றுக்கிழமை ஓட்டினான். ஹெட்டுகள் ஆயிரக்கணக்கில் விற்றன.

மண் தளத்தோடு அது நிற்கவில்லை. 1922-இல் ஃபிரண்டி பூட்டிய ஃபோர்டு கார்கள் இண்டியானாபோலிஸ் 500-க்கே வந்தன. 1923-இல் அந்நகரின் ஃபோர்டு விற்பனையாளரான பார்பர்-வார்னாக் ஒரு காரை இறக்கினார். அந்த ஆண்டு விதி, எஞ்சின் கொள்ளளவு 122 கன அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. மாடல் டி எஞ்சின் 177 கன அங்குலம். எனவே அதைச் சுருக்கியும் ஆக வேண்டும், வேகமும் கூட்ட வேண்டும். எதிரே மில்லர், டூசன்பர்க், மெர்சிடிஸ், புகாட்டி என்று பந்தயத்துக்கென்றே பிறந்த கார்கள். கோரம் என்ற ஓட்டுநர் அந்த ஃபோர்டை ஆறு மணி நேரத்துக்கும் மேலாக ஓட்டி, சராசரி மணிக்கு 82 மைல், அதாவது சுமார் 132 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவதாக வந்தார். நான்கு டாக்சி எஞ்சின் விலை பெறாத ஒரு எஞ்சின் அது. வென்ற காரும் மணிக்கு 91 மைலைத் தாண்டவில்லை. மறு ஆண்டு அதே கோரம் டூசன்பர்க் காரில் ஜோ போயருடன் வெற்றியைப் பகிர்ந்துகொண்டார்.

1924-இல் மூன்று ஃபிரண்டி ஃபோர்டுகள் இறங்கின. ஒன்றை ஓட்டியவர் இங்கிலாந்திலிருந்து வந்த ஆல்ஃபிரட் மோஸ். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற பந்தய வீரர் ஸ்டெர்லிங் மோஸின் தந்தை. அந்த ஆண்டு பந்தயத்துக்குக் கௌரவ நடுவர் யார் தெரியுமா? ஹென்றி ஃபோர்டு. தம் கார் பந்தயத்தில் ஓடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு வேகம் கொடுத்த ஹெட்டில் செவர்லேயின் உழைப்பு இருந்தது.

சொந்தப் பெயரே எதிராளி ஆனபோது

இனி நடந்ததுதான் லூயியின் வாழ்வில் மிகக் கசப்பான பகுதி.

அவர் பிழைப்பு முழுவதும் மாடல் டி காரை நம்பியிருந்தது. அந்தக் காரைச் சந்தையிலிருந்து விரட்டியதில் பெரும்பங்கு செவர்லேக்கு. ஆண்டுதோறும் புது வண்ணம், புது வசதி, மாதத் தவணை என்று செவர்லே முன்னேற, பழைய அச்சிலேயே நின்ற மாடல் டி-யின் விற்பனை சரிந்தது. 1927 மே 26-ஆம் தேதி ஒன்றரைக் கோடியாவது கார் வெளியே வந்தது. அதோடு ஃபோர்டு கதவைச் சாத்தி, அடுத்த காரைச் செய்யப் போனார். அந்த ஆண்டு அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் செவர்லேக்கு. டிசம்பரில் வந்த புதிய ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சின் பழையதைப்போல் இரண்டு மடங்கு சக்தி கொண்டது. கடைத்தெருவில் அதை வாங்கினவனுக்கு ஃபிரண்டி எதற்கு?

தம் பெயரைத் தாங்கிய கார் ஜெயித்ததால் லூயியின் பட்டறை நொடித்தது.

லூயியும் ஆர்தரும் அதன்பின் விமான எஞ்சின் தொழிலில் இறங்கினர். அதிலும் அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வந்து இருவரும் பிரிந்தனர். 1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. உலகப் பொருளாதாரமே முடங்கியது. கார் விற்காவிட்டால் டயர் விற்காது, டயர் விற்காவிட்டால் ரப்பர் விற்காது. மலாயாத் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது. வேலையிழந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். டிட்ராய்ட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய லூயி, பிழைப்புக்காகச் செவர்லே நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் பலரும் குறிப்பிடுகின்றனர். வாசலில் எழுதியிருப்பது அவர் பெயர். உள்ளே போனது சம்பளத்துக்கு.

1934-இல் மூத்த மகன் சார்ல்ஸ் இறந்தார். அதே காலத்தில் லூயிக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. அதோடு வேலை முடிந்தது. சில காலம் புளோரிடாவில் மனைவியோடு இருந்தார். உடல்நிலை மோசமாகி டிட்ராய்ட் திரும்பி, 1941 ஜூன் 6-ஆம் தேதி தமது 62-ஆவது வயதில் காலமானார். அவர் உடல் இண்டியானாபோலிஸ் நகரத்துக் கத்தோலிக்க மயானத்தில், தம்பி கஸ்தோனின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. ஆர்தர் 1946-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். செவர்லே பெயரை வாங்கிய டூராண்டும் பங்குச்சந்தையில் எல்லாவற்றையும் இழந்து, ஃபிளின்ட் நகரில் பந்துருட்டு விளையாட்டுக் கூடம் நடத்தி, 1947-இல் இறந்தார்.

ஃபிரண்டி ஹெட்டுகள் மட்டும் ஓய்வெடுக்கவில்லை. மாடல் டி கார்களைப் பேணி ஓட்டுவோர் அமெரிக்காவில் இன்றும் பழைய ஃபிரண்டியைத் தேடி வாங்குகிறார்கள். கிடைக்காதவர்களுக்காக அதே வடிவில் புதிதாக வார்த்தும் விற்கிறார்கள். பதினைந்து போல்ட்டு, அதே இடத்தில்.